பிள்ளையைக் குதிரைச் சிகிச்சைக்கு அழைத்துப் போகும் முன்

அக்கா மகனை முதல்முறை குதிரைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போன அன்று அவன் குதிரைமேல் ஏறவே இல்லை. அரை மணி நேரமும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி குதிரையின் மூக்கை ஒற்றை விரலால் தொடுவதும், அது மூச்சு விட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு சிரிப்பதுமாக இருந்தான். "ஏண்டா, இதுக்கா ஆட்டோவுக்கு இவ்வளவு குடுத்து வந்தோம்?" என்று அக்கா என்னை முறைத்தாள். தப்பு என்னுடையதுதான். அங்கே என்ன நடக்கும், என்ன நடக்காது என்று அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. எனக்கே தெரியாது. மூன்று வருடமாகப் போய்வருகிறோம். அன்று யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியதைப் புதிதாகக் கிளம்புகிற வீடுகளுக்காக இங்கே எழுதுகிறேன்.

வேலை செய்வது குதிரையின் நடை

இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் வைத்துக்கொண்டு கூடத்தில் பத்தடி நடந்து பாருங்கள். இடுப்பு ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். கொஞ்சம் திரும்பும். முன்னும் பின்னும் சாயும். குதிரை நடக்கும்போது அதன் முதுகில் இருப்பவரின் இடுப்பும் ஏறக்குறைய இதே மாதிரிதான் அசைகிறது. சொந்தக் காலில் நிற்க முடியாத பிள்ளைக்குக்கூட, நடப்பவர்களின் இடுப்பசைவு நிமிடத்துக்குச் சுமார் 100 தடவை கிடைக்கிறது. ஒவ்வோர் அசைவுக்கும் விழாமல் இருக்க முதுகும் வயிறும் கழுத்தும் ஒரு சின்ன வேலை செய்தாக வேண்டும். 20 நிமிடம் என்றால் 2000 தடவை. பிசியோ அறையில் பெரிய பந்தின்மேல் உட்காரவைத்து 2000 தடவை செய் என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்?

அதனால்தான் இதில் குதிரை ஓடுவதில்லை. பெரும்பாலும் நடைதான். தெரபிஸ்ட் அந்த நடையை வைத்தே விளையாடுவார். ஒரே சீரான மெதுநடை, இறுகிக் கிடக்கும் தசையைத் தளரவிடும். குதிரையின் உடற்சூடு நம்முடையதைவிடச் சற்றுக் கூடுதல் என்பதும் அதற்குத் துணை. நிறுத்தி, நடந்து, நிறுத்தி, நடந்தால் பிள்ளையின் உடம்பு ஒவ்வொரு முறையும் தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ள வேண்டியிருக்கும். வட்டமாகச் சுற்றினால் எடை ஒரு பக்கம் சாயும். சில சமயம் குதிரையின் வாலைப் பார்த்தபடி, பின்பக்கமாகக்கூட உட்கார வைப்பார்கள். முதலில் பார்த்தபோது எனக்கு இது ஏதோ சர்க்கஸ் மாதிரித்தான் இருந்தது. கைகளைக் குதிரையின் பின்முதுகில் ஊன்றச் செய்வதற்காக என்று பிறகுதான் புரிந்தது.

ஆக, மெரினாவிலோ கொடைக்கானல் ஏரிக்கரையிலோ ஒரு ரவுண்டு கூட்டிப்போவது இதற்கு ஈடாகாது. "அதுவும் குதிரைதானே, இங்கேயே வாரம் ஒரு ரவுண்டு போட்டால் என்ன?" என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். அந்தக் குதிரை ஒரு நாளைக்கு எத்தனை பேரைச் சுமந்தது என்று தெரியாது. ஹெல்மெட் கிடையாது. பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அது ஏன் என்று சொல்லத் தெரிந்தவரும் இருக்க மாட்டார்.

போர்டில் என்ன எழுதியிருந்தாலும் உள்ளே மூன்று விதமான வேலை நடக்கலாம். பிசியோ, ஆக்குபேஷனல் அல்லது பேச்சுத் தெரபிஸ்ட் ஒருவர் குதிரையின் நடையைக் கருவியாக வைத்துச் செய்வது ஹிப்போதெரபி. ஹிப்போஸ் என்றால் கிரேக்க மொழியில் குதிரை. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி குதிரையேற்றமே கற்றுக்கொடுப்பது இன்னொன்று. அங்கே இருப்பவர் பயிற்சியாளர். மூன்றாவதில் ஏறுவதே கிடையாது. குதிரையைத் தேய்த்துவிடுவது, தீனி வைப்பது, கூடவே நடப்பது, அவ்வளவுதான். எதுவும் மட்டமில்லை. ஆனால் உங்கள் பிள்ளைக்கு எது என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள பிள்ளைகளிடம்தான் ஆய்வுகள் அதிகம் நடந்திருக்கின்றன. 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு எனக்குப் பிடிக்கும். தசை இறுக்கம் உள்ள 15 பிள்ளைகளில் சிலரை 8 நிமிடம் நடக்கும் குதிரைமேல் உட்கார வைத்தார்கள். மற்றவர்களை அதே 8 நிமிடம் அசையாத பீப்பாய்மேல் கால்பரப்பி உட்கார வைத்தார்கள். குதிரைமேல் இருந்தவர்களின் இடது வலது தசைகள் முன்பைவிடச் சமமாக வேலை செய்தன. பீப்பாய்ப் பிள்ளைகளிடம் அப்படி மாற்றம் இல்லை. கால்களை அகட்டி உட்கார்வதால் மட்டும் பலன் வருவதில்லை, அசைவுதான் பலன் தருகிறது என்று அதிலிருந்து தெரிகிறது. உட்காரும்போது நிலைத்தன்மை கூடுகிறது என்று பிற ஆய்வுகளும் காட்டுகின்றன. ஆனால் பெரும்பாலானவை சின்னச் சின்ன ஆய்வுகள். ஆட்டிசத்துக்கு 2015இல் 10 வார ஆய்வு ஒன்று வந்தது. குதிரையில்லாமலே குதிரையைப் பற்றிக் கற்றுக்கொண்ட பிள்ளைகளோடு ஒப்பிட்டதில், குதிரையேறிய பிள்ளைகளின் எரிச்சலும் துறுதுறுப்பும் கூடுதலாகக் குறைந்திருந்தன.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: பலன் இருக்கிறது, அற்புதம் இல்லை. "ஆறு மாசத்தில் நடக்க வைத்துவிடுவோம்" என்று ஒருவர் சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள். பிசியோவை நிறுத்திவிட்டு இதைச் செய்யாதீர்கள். இரண்டுக்கும் பணம் போதாது என்றால் பிசியோதான் முதலில்.

இந்தச் சிகிச்சைக்கு உலகெங்கும் கவனம் கிடைத்ததில் லிஸ் ஹார்ட்டல் என்ற டென்மார்க் பெண்ணுக்குப் பெரிய பங்குண்டு. 1944இல் கர்ப்பமாக இருந்தபோது போலியோ தாக்கி, முழங்காலுக்குக் கீழே அவருக்கு வலு திரும்பவே இல்லை. குதிரையில் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும். அவர்தான் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆண்களோடு போட்டியிட்டுக் குதிரையேற்றத்தில் வெள்ளி வாங்கினார். 1956இல் இன்னொரு வெள்ளி. நம் காலத்தில் சிங்கப்பூரில் பிறந்த லோரென்ஷியா டான் இருக்கிறார். மூளை முடக்குவாதமும் காது கேளாமையும் உள்ளவர். ஐந்து வயதில் பிசியோதெரபியாகக் குதிரையேறத் தொடங்கி, 2008 பாராலிம்பிக்கில் சிங்கப்பூருக்கு முதல் பதக்கத்தை வாங்கிக் கொடுத்தார். அக்காவிடம் இதைச் சொன்னதற்கு, "மொதல்ல இவன் ஒரு நிமிஷம் நிமிர்ந்து உக்காரட்டும்டா" என்றாள். சரிதான்.

முதலில் டாக்டர், அப்புறம்தான் லாயம்

பிள்ளையின் நரம்பியல் டாக்டரையோ எலும்பு டாக்டரையோ பார்த்து, குதிரைமேல் உட்காரலாம் என்று எழுதி வாங்குங்கள். கடிதமே கேட்காமல் முதல் நாளே ஏற்றிவிடுகிற இடம் என்றால் அங்கே போகவே வேண்டாம்.

டாக்டரிடம் நீங்களாகக் கேட்க வேண்டியவை சில உண்டு. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தில் மேலே உள்ள இரண்டு எலும்புகளின் இணைப்பு தளர்ந்திருக்கும். குலுங்கினால் தண்டுவடத்துக்கு ஆபத்து. பரிசோதனையும் தேவைப்பட்டால் எக்ஸ்ரேயும் இல்லாமல் ஏற்றக் கூடாது. மூளை முடக்குவாதத்தில் தொடை எலும்பின் பந்து இடுப்புக் கிண்ணத்திலிருந்து மெல்ல நழுவுவது சாதாரணமாக நடப்பது. கால்களை அகட்டி உட்காரும் சிகிச்சையில் அது பெரிய விஷயம். எங்கள் பையனுக்கும் புதிதாக ஓர் எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் சரி என்றார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு, முதுகெலும்பு மிகவும் வளைந்திருத்தல், எலும்பு பலவீனம், ஆறாத படுக்கைப்புண், சமீபத்தில் செய்த அறுவை சிகிச்சை, குதிரை முடிக்கும் வைக்கோல் தூசிக்கும் வருகிற வீசிங், இவற்றில் எது இருந்தாலும் மறைக்காதீர்கள். சொன்னால் சேர்க்க மாட்டார்களோ என்று பயந்து வலிப்பை மறைத்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். மறைத்துச் சேர்த்துவிட்டால் அந்த வலிப்பு குதிரைமேல் வைத்தும் வரலாம்.

பொதுவாக 2 வயதுக்கு முன் இதைத் தொடங்குவதில்லை. எடைக்கும் வரம்பு உண்டு. சேணத்தோடு சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றுவது அதற்கு நல்லதல்ல. ஆள் நிலையாக உட்கார முடியாதவராக இருந்தால் வரம்பு இன்னும் குறையும். பெரியவர்களைச் சேர்க்க நினைத்தால் போனிலேயே எடையைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். அங்கே போய் ஏமாந்து திரும்ப வேண்டாம்.

பிள்ளை இல்லாமல் ஒரு நாள் போய்ப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். அறிமுகம் செய்துகொள்ளாமல் ஓரமாக நின்று ஒரு மணி நேரம் வேடிக்கை பாருங்கள்.

குதிரையின் குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை என்பார்கள். சிகிச்சைக் குதிரையைப் பார்த்தால் அந்தப் பழமொழி பொய்யோ என்று தோன்ற வேண்டும். நடு வயது தாண்டிய, எதற்கும் அலட்டிக்கொள்ளாத குதிரைதான் நல்லது. அழகு முக்கியமில்லை. பிள்ளை கத்தினாலும், கை வீசினாலும், பிடரியைப் பிடித்து இழுத்தாலும் காதை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு நிற்க வேண்டும். காதுகள் பின்னால் படிந்தே இருந்தால், வால் ஓயாமல் விசிறிக்கொண்டிருந்தால் (ஈ இல்லாதபோது), வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது கடிக்கத் திரும்பினால் அதற்கு வலி இருக்கலாம், இல்லையென்றால் அலுத்துப்போயிருக்கலாம். சேணத்தை எடுக்கும்போது முதுகைக் கவனியுங்கள். முடி உதிர்ந்த திட்டோ புண்ணோ இருக்கக் கூடாது. பின்னாலிருந்து நடையைப் பாருங்கள். நொண்டுகிற குதிரை பிள்ளையின் இடுப்புக்கும் அந்த நொண்டலைத்தான் கொடுக்கும். நிழல் இருக்கிறதா, தொட்டியில் தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா, ஒரு குதிரை ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளைகளைச் சுமக்கிறது என்றும் கேளுங்கள். இவற்றைக் கேட்டதற்கு முகம் சுளித்த ஓரிடத்தை நாங்கள் இரண்டாவது நாளே விட்டுவிட்டோம்.

அடுத்தது ஆட்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று பேர்வரை தேவைப்படும். ஒருவர் குதிரையைப் பிடித்து நடத்துபவர். அவருடைய கண் குதிரைமேல்தான் இருக்கும். பிள்ளையின் இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் நடப்பார்கள். தங்கள் முன்கையைப் பிள்ளையின் தொடைமேல் குறுக்காக வைத்துச் சேணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். இவர்களைத் தவிரத் தெரபிஸ்ட் ஒருவர். ஒரே ஆள் லகானையும் பிடித்துக்கொண்டு பிள்ளையையும் தாங்கிக்கொண்டு போனால் அது சிகிச்சை இல்லை. தெரபிஸ்டின் படிப்பு என்ன, குதிரைகளோடு தனியாகப் பயிற்சி எடுத்திருக்கிறாரா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

ஏறுவதற்கு மேடையோ சாய்தளமோ இருக்கிறதா என்றும் பாருங்கள். தரையிலிருந்து பிள்ளையைத் தூக்கி மேலே போட்டால் பிள்ளைக்கும் ஆகாது, குதிரையின் முதுகுக்கும் ஆகாது. பல பிள்ளைகளுக்குச் சேணமே போடாமல் தடித்த மெத்தையும் கைப்பிடி வைத்த பட்டையும் மட்டும் கட்டுவார்கள். குதிரையின் சூடும் அசைவும் நேராகக் கிடைக்கட்டும் என்பதற்காக. அங்கவடி (பாதத்தை ஊன்றும் வளையம்) இருந்தால், விழுந்தால் கால் மாட்டிக்கொள்ளாத வகையாக இருக்க வேண்டும். ஹெல்மெட் குதிரையேற்றத்துக்கென்று செய்ததாக, பிள்ளையின் தலைக்குச் சரியான அளவில் இருக்க வேண்டும்.

கடைசியாகக் கால்நடை டாக்டரின் சான்று. கிளாண்டர்ஸ் என்ற நோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். அந்தப் பரிசோதனை செய்திருக்கிறதா என்று கேளுங்கள். லாயத்து மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கும். ஆகவே பிள்ளைக்கும், கூடப்போகும் உங்களுக்கும் டி.டி. ஊசி போட்டு எத்தனை வருடமாயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு வாரம்

மெத்தையைச் சுருட்டிக் கயிறு கட்டி, அதன்மேல் பிள்ளையைக் கால்பரப்பி உட்கார வையுங்கள். முதல் நாள் இரண்டு நிமிடம் போதும். இடுப்பும் தொடையும் பழகும், வலிக்கிற இடமும் தெரிந்துவிடும். சைக்கிள் ஹெல்மெட் ஒன்றை வாங்கியோ இரவல் வாங்கியோ டிவி பார்க்கும்போது போட்டுப் பழக்குங்கள். அங்கே போட இது உதவாது. தாடைக்குக் கீழ் வார் இறுகுவது பழகத்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் குதிரைக்குப் பயப்படுவதில்லை. ஹெல்மெட்டைப் பார்த்துத்தான் அழுகிறார்கள்.

உடை: முழுக்கால், இழுத்தால் நீளும் பருத்தி பேன்ட். ஜீன்ஸின் உள்தையல் தொடையை அறுத்துவிடும். நைலான் வழுக்கும். மூடிய ஷூ வேண்டும். டயப்பர் கட்டுகிற பிள்ளை என்றால் கிளம்பும் முன் புதிதாக மாற்றிவிடுங்கள். அதன் மடிப்பு ஒரு பக்கம் தடித்தால்கூடப் பிள்ளை கோணலாக உட்காரும். ஒரு மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்குக் காலை ஏழு மணிக்குள் கிடைக்கிற நேரமாகப் பார்த்து வாங்குங்கள். மதிய நேரத்தைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வேண்டாம்.

அந்த நாள்

குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்ச இடமும், வாலுக்கு நேர் பின்னாலும் கண் தெரியாது. மற்றபடி ஏறக்குறைய முழு வட்டமும் தெரியும். அதனால் தோள்பட்டைப் பக்கமாக, பேசிக்கொண்டே போங்கள். சக்கர நாற்காலியைச் சில குதிரைகள் முதலில் முகர்ந்து பார்க்கும். பார்க்கட்டும். கேரட் கொடுப்பதாக இருந்தால் அவர்களிடம் கேட்டுவிட்டு, நீளவாக்கில் நறுக்கி, விரல்களைச் சேர்த்து விரித்த உள்ளங்கையில் வைத்துக் கொடுங்கள். வட்டவட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கும். விரலால் பிடித்துக் கொடுத்தால் விரலும் சேர்ந்து போகும்.

குடையை விரிக்காதீர்கள். பிளாஸ்டிக் பையைச் சலசலக்க வைக்காதீர்கள். பொதுவாக ஒரு குதிரை மிரள்வது நாம் எதிர்பார்க்கிற சத்தத்துக்கு அல்ல. பக்கத்துத் தெருவில் பட்டாசு வெடித்தபோது எங்கள் குதிரை அசையவே இல்லை. காற்றில் படபடத்த அக்காவின் துப்பட்டாவுக்கு இரண்டடி விலகியது. அன்றிலிருந்து துப்பட்டாவை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டுதான் வருகிறாள்.

ஏறியதும் உங்கள் வேலை சும்மா இருப்பது. இதுதான் கஷ்டம். "நேரா உக்காரு", "கையைப் பிடி", "அம்மாவைப் பாரு" என்று வெளியிலிருந்து கத்தினால் பிள்ளை உங்களைப் பார்க்கத் திரும்பும், உட்கார்ந்திருக்கும் நிலை கெடும். தெரபிஸ்ட் ஏன் பேசாமல் நடக்கிறார் என்று சந்தேகப்படாதீர்கள். அந்தக் கொஞ்ச நேரம் பிள்ளையின் உடம்பே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். போட்டோ எடுக்கலாம், பிளாஷ் வேண்டாம். குதிரை மிரண்டாலும் பிள்ளையிடம் ஓடாதீர்கள். நடத்துபவர் குதிரையைப் பார்த்துக்கொள்வார், பக்கத்தில் இருப்பவர்கள் பிள்ளையைப் பிடித்துக்கொள்வார்கள். ஓடிவருகிற நீங்கள் குதிரைக்கு இன்னொரு மிரட்டல்தான்.

முதல் தடவை மேலே 10 நிமிடம் இருந்தாலே நிறைய. ஏற மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். பிடித்துத் தூக்கி ஏற்றிய பிள்ளை அடுத்த வாரம் கேட்டைத் தாண்டி வராது.

பிறகு

வீட்டுக்கு வந்ததும் தொடையின் உள்பக்கத்தையும் பின்புறத்தையும் பாருங்கள். அரை மணி நேரம் கழித்தும் சிவப்பு மாறாவிட்டால் அடுத்த முறை சொல்லுங்கள். மறுநாள் கொஞ்சம் உடம்பு வலி இருப்பது இயல்பு. இரண்டு மூன்று நாளாகியும் இறுக்கம் கூடியே இருந்தாலோ, புதிதாக இடுப்பு வலி வந்தாலோ, வலிப்பு கூடினாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

ஒரு நோட்டுப் போடுங்கள். "நல்லா இருந்தது" என்று எழுதாதீர்கள், அதனால் ஒன்றும் தெரியாது. தரையில் பிடிப்பில்லாமல் எத்தனை நொடி உட்கார்ந்தான், டயப்பர் மாற்றும்போது கால் எளிதாக விரிகிறதா, இரவு எத்தனை தடவை எழுந்தான், இப்படி எண்ணக்கூடியதை எழுதுங்கள். 10, 12 வாரம் ஆனதும் தெரபிஸ்டோடு உட்கார்ந்து பாருங்கள். ஒன்றும் நகரவில்லை என்றால் நிறுத்துவதில் வெட்கமில்லை. எங்கள் நோட்டில் முதல் வாரம் "4 நொடி" என்று இருக்கிறது. பதினோராவது வாரம் "19". அக்கா அந்தப் பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்து வைத்திருக்கிறாள்.

இன்னொன்று, குதிரைகளுக்கு வயதாகும், ஓய்வு கொடுப்பார்கள். குதிரை மாறப்போகிறது என்றால் பிள்ளையிடம் முன்பே சொல்லி, பழைய குதிரையிடம் போய்வருகிறேன் என்று சொல்லவிடுங்கள். எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. போன மாதம் போனபோது பழுப்புக் குதிரை நின்ற இடத்தில் ஒரு வெள்ளைக் குதிரை நின்றது. அவன் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் ஒற்றை விரலை நீட்டி மூக்கைத் தொட்டான். அது மூச்சு விட்டது. கையை இழுத்துக்கொண்டான். அன்று ஏறவில்லை. அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆட்டோக்காரர்தான், "என்ன சார், இன்னைக்குச் சீக்கிரம் முடிஞ்சிருச்சா?" என்றார்.